மூன்றாம் எண்ணை நோக்கி நடந்த மாணவியின் கணக்கு மதிப்பெண்

அனுப்புநர்:
நெமேசியோ தொரேஃபியெல்,
நடனப் பயிற்சியாளர்,
மீன் சந்தைக்குப் பின்புறத் தெரு,
சாந்தா லுமினா, பனாய் தீவு.

பெறுநர்:
பள்ளிக் கல்விக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாகாணப் பள்ளிக் கல்வி அலுவலகம்.

பொருள்: ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் நடனத்துக்கு மதிப்பெண் வழங்கும் முறை – அதனால் என் மகள் ஹானியெல் வட்டாரக் கணிதப் போட்டிக்குச் செல்லும் தகுதியை இழந்தது – மறுபரிசீலனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. சென்ற ஆண்டு தாங்கள் எங்கள் பள்ளிக்கு வந்தபோது, வாயிலிலிருந்து மேடை வரை விசிறிகளோடு தங்களை ஆடி அழைத்துவந்த பிள்ளைகளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நடனத்தை அமைத்தவன் நான். தாங்களும் கடைசி வரிசையோடு சேர்ந்து சில அடிகள் ஆடியதை ஊரார் இன்னும் பேசுகிறார்கள். நன்றாகவே ஆடினீர்கள். தொழில்முறைக் கருத்தாக மட்டுமே இதைப் பதிவு செய்கிறேன். மனுவுக்குச் சாதகம் தேடி அல்ல.

2. நகராட்சியின் ஏற்பாட்டில் அன்றாடம் விடியற்காலையில் ஊர்ச் சதுக்கத்தில் பெண்களுக்கு ஸும்பா என்னும் உடற்பயிற்சி ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். திருவிழாவுக்கு ஊர்வல ஆட்டம், திருமணத்துக்கு மணமக்கள் ஆட்டம், அழகிப் போட்டிக்கு நடை, எல்லாம் என் கைவேலைதான். இவற்றோடு கடந்த இரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பாடமும் சேர்ந்துகொண்டது. கணக்குக்கும் எனக்கும் பள்ளி நாள் முதல் ஆகவே ஆகாது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இம்மனுவில் வரும் கணக்கு விவரங்கள் யாவும் என் மகள் சாப்பாட்டு மேசையில் எனக்குப் புரியவைத்தவை. பிழை இருந்தால் அது கேட்டவன் பிழை.

3. கணக்குப் பாடம் என் வீட்டு முற்றத்துக்கு வந்த விதம் இது. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை ஜோவெலின் மேடம். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல வரவில்லை. அவர் வருவதற்கு முன் கணக்கு வகுப்பு உள்ள நாளில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வரும். இப்போது காய்ச்சலோடு இருக்கிற பிள்ளையும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடுகிறது. சூத்திரத்தைப் பாட்டாகப் பாடுகிறார்கள். பலகோணங்களைப் பழைய சாக்கிலும் நெகிழித் தாளிலும் தைத்து உடுத்திக்கொண்டு நடந்து, கணித அழகி, கணித அழகன் என்று மகுடம் சூட்டிக்கொள்கிறார்கள். சென்ற ஆண்டு அறுகோண உடை அணிந்த பிள்ளை வகுப்பறைக் கதவில் நுழைய முடியாமல் சிக்கிக்கொண்டு, வெளியே நின்றபடியே பரிசு வாங்கியது. பார்க்க எனக்கே ஆனந்தமாக இருந்தது.

4. ஆனால் அம்மையீர், பருவ மதிப்பெண்ணில் இந்தச் செயல்திறன் பணிகளுக்கு உள்ள எடை, பருவ இறுதித் தேர்வுக்கு உள்ள எடையைப் போல் இருமடங்கு. அந்தப் பணிகளுக்கு மதிப்பெண் போடும் அட்டவணையை இத்துடன் இணைத்துள்ளேன். உடை அலங்காரம், ஒத்திசைவு, உற்சாகம், பார்வையாளர் வரவேற்பு, மேடைப் பொருள்கள் என்று வரிசையாகப் போய், கடைசியில் ‘கணித உள்ளடக்கம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கான மதிப்பெண்ணும் மேடைப் பொருள்களுக்கான மதிப்பெண்ணும் ஒன்றே. அதாவது வண்ணக் காகிதத்துக்கும் கணக்குக்கும் ஒரே மரியாதை.

5. இந்தப் பருவத்துப் பாடம் பரவளைவு. கிண்ணம் போலவோ குடை போலவோ வளையும் ஒரு கோடு என்று எனக்கு விளங்கியது. வகுப்பின் ஒவ்வொரு குழுவும் தனக்குக் கொடுக்கப்பட்ட பரவளைவை நீண்ட சிவப்புத் துணியால் உருவாக்கி, இசைக்கு ஆடிக் காட்ட வேண்டும். எல்லாக் குழுக்களும் என்னிடம்தான் வந்தன. ஊரில் வேறு ஆள் கிடையாது. என் முற்றத்தில் ஒரு மாத காலம் நடந்த ஒத்திகையால் என் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. பக்கத்து வீட்டார் பேச்சை நிறுத்தினர். மதிய வகுப்பு நேரமும் ஒத்திகைக்கே போயிற்று. அந்த மாதம் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததை நான் பார்த்ததில்லை, அதன் மேல் ஒலிபெருக்கியை வைத்ததைத்தான் பார்த்தேன்.

6. என் மகள் ஹானியெல்லுக்குக் கணக்கு வரும். ஆட்டம் வராது. நடன ஆசிரியன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று என் மனைவியின் உறவினர்கள் கேட்காத விருந்து இல்லை. தாளம் ஒரு பக்கம் போனால் இவள் கால் மறுபக்கம் போகும். ஐந்து வயதில் திருவிழா ஊர்வலத்தில் விட்டேன். எதிரே வந்த ஊர்வலத்தோடு கலந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு நான் அவளை வற்புறுத்தவில்லை. தாங்கள் வந்த அன்றும் அவள் ஆடவில்லை, ஒலிபெருக்கியை இயக்கிக்கொண்டிருந்தாள்.

7. எனவே அவளுடைய குழுவில் அவளை வளைவின் அடிமுனையாக வைத்தேன். அடிமுனை தரையோடு தரையாக உட்கார வேண்டும். ஆடத் தெரியாதவரை உட்காரவைப்பது எங்கள் தொழிலில் வழக்கமான உபாயம். ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, உட்கார்ந்து, பாட்டு முடியும் வரை சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. அடிமுனை மூன்று என்ற எண்ணில், வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். நானும் வலப்பக்கத்திலேயே வைத்தேன்.

8. இங்கேதான் அம்மையீர் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன். மேடை வழக்கில் வலம் என்றால் ஆடுகிறவரின் வலம். நான் தொழிலுக்கு வந்த நாள் முதல் எனக்கு அதுதான் வலம். கணக்கில் வலம் என்றால் பார்க்கிறவரின் வலமாம். இது எனக்குத் தெரியாது. முற்றத்தில் எண்கள் எழுதிய பலகை எதுவும் இல்லாததால் பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. ஹானியெல் தன் வலக்கைப் பக்கம் நின்றாள். சரியாகத்தான் நிற்கிறோம் என்று நினைத்தாள்.

9. ஆட்டப் போட்டி நாளன்று கூரை போட்ட கூடைப்பந்துத் திடல் நிறைந்திருந்தது. ஆடும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் எண்கோடு வரைந்த பெரிய பேனர் தொங்கியது. நடுவில் சுழியம், இருபுறமும் எண்கள். நடுவர்களாக ஜோவெலின் மேடமும், எங்கள் ஊர் மன்ற உறுப்பினர் ஒருவரும், முன்னாள் திருவிழா அழகி ஒருவரும் அமர்ந்திருந்தனர். என் மகளின் குழு ஆட வந்தது. இசை நன்றாகப் போயிற்று. ஹானியெல்லின் சுற்று வந்தது. சுற்றியவளின் முகம் பேனர் பக்கம் திரும்பியது. அவள் தலைக்கு மேலே இருந்த எண் மூன்று அல்ல, கழித்தல் மூன்று.

10. அவள் உட்காரவில்லை. துணியைக் கையில் பிடித்தபடி திடலின் மறுபக்கம் நோக்கி நடக்கத் தொடங்கினாள். ஓடவும் இல்லை, ஆடவும் இல்லை. சந்தைக்குப் போவது போல நடந்தாள். துணியின் மறுமுனைகளைப் பிடித்திருந்த பிள்ளைகள் வேறு வழியில்லாமல் இழுபட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். ஒருத்தியின் பூக்கிரீடம் கழன்று விழுந்தது, இன்னொருத்தி அதை மிதித்து வழுக்கி உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டு கையசைத்தாள். கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. பாட்டு தன் போக்கில் ஓடியது. நான் ஓரத்தில் நின்று, “ஏய் ஹன்னி, உக்காருடி, உக்காரு” என்று கத்தினேன். அவள் நேரே மூன்றாம் எண்ணுக்குப் போய், அங்கே உட்கார்ந்து, மற்றவர்களைக் கையால் சைகை காட்டி இருபுறமும் நிறுத்தினாள். வளைவு அமைந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

11. மதிப்பெண் வந்தது. ஒத்திசைவுக்குச் சுழியம். உற்சாகத்துக்கும் கிட்டத்தட்ட அதே. ஊர் மன்ற உறுப்பினரை மறுநாள் பேக்கரியில் பார்த்தபோது கேட்டேன். “நெமோ, கோவிச்சுக்காதப்பா. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் இழுத்துக்கிட்டு ஓடவும் புள்ளைங்க சண்ட போடுதுன்னுல்ல நெனச்சேன். வெலக்கிவிடப் பாதி எந்திரிச்சுட்டேன்” என்றார். அவர் நேர்மையான மனிதர். கணித உள்ளடக்கத்துக்கு எதை வைத்து மதிப்பெண் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, “அது பக்கத்துல இருந்த அழகி போட்டதப் பாத்துப் போட்டேன்” என்றார்.

12. முதல் பரிசு ஷெகைனா என்ற பிள்ளையின் குழுவுக்குப் போயிற்று. விளையாட்டுகளின்போது ஆடி ஊக்கமூட்டும் பள்ளி உற்சாகக் குழுவுக்குத் தலைவி; காற்றில் மிதப்பது போல ஆடுவாள். அவர்களுடைய பரவளைவு குடை போலக் கீழ்நோக்கிக் கவிந்திருக்க வேண்டியது. ஒத்திகையில் அப்படித்தான் செய்தார்கள். பார்க்க நன்றாக இல்லை, கைகள் மேலே போனால்தான் கைதட்டு விழும் என்று சொல்லி, அதைக் கிண்ணம் போல நிமிர்த்தியவன் நான். நிமிர்ந்த கிண்ணத்துக்குள் மேலிருந்து வண்ணக் காகிதம் கொட்டியது. திடலே எழுந்து நின்று கைதட்டியது. நானும் கைதட்டினேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஹானியெல் சாந்தமாக, “அப்பா, அது தலகீழா இருந்துச்சு” என்றாள்.

13. ஆக, அன்று திடலில் இரண்டு தவறுகள் இருந்தன. இரண்டும் நான் செய்தவை. ஒரு தவறை ஒருவரும் திருத்தவில்லை, அதற்கு முதல் பரிசு. மற்றதை ஒரு பிள்ளை அத்தனை பேர் முன்னிலையில் திருத்தினாள், அதற்குச் சுழியம். இதை எந்த வகைக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

14. இதன் விளைவு. ஹானியெல் வகுப்புத் தேர்வுகளிலும் பருவத் தேர்விலும் முழு மதிப்பெண் பெற்றவள். மாகாண அளவிலான கணிதப் போட்டியில் முதலிடம் பெற்று, வரும் மாதம் பல மாகாணங்களுக்கும் சேர்த்து நடக்கும் வட்டாரப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கு ஓர் இடம் வாங்கித் தந்தவளும் அவளே. அந்த இடத்தில் அமர்பவருக்குக் கணக்கில் தொண்ணூறு இருக்க வேண்டும் என்பது விதி. இந்த நடனத்தால் அவளுக்கு வந்தது எண்பத்தேழு. எனவே அவள் வாங்கித் தந்த இடத்துக்கு, ஒன்பதாம் வகுப்பில் தற்போது முதலாவதாக உள்ள ஷெகைனாவின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பெயர்ப் பட்டியல் இம்மாத இறுதியில் தங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும்.

15. பெயர் அறிவித்த அன்று மாலையே ஷெகைனா என் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று எண்ணி என் மனைவி அரிசி இனிப்பை எடுத்து வைத்தாள். பிள்ளை இனிப்பைத் தொடவில்லை. “நெமோ மாமா, அங்க பாட்டு போடுவாங்களா?” என்று கேட்டாள். போட மாட்டார்கள், தாளில் எழுத வேண்டும் என்றேன். “அப்ப நான் செத்தேன். எனக்கு அந்த வளைவு எந்தப் பக்கம்னே தெரியாது மாமா. நீங்க மேல தூக்குன்னீங்க, தூக்குனேன். யார்கிட்டயாவது சொல்லி ஹன்னியவே அனுப்பச் சொல்லுங்க. நான் வேணும்னா வாசல்ல நின்னு அவளுக்காக ஆடுறேன்” என்றாள். பிறகு இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைக்குப் பரவளைவு எந்தப் பக்கம் வளையும், ஏன் வளையும் என்று என் மகள் சொல்லிக்கொடுத்தாள். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கும் புரிந்துவிட்டது. போகும்போது ஷெகைனா இனிப்பை இலையோடு கட்டி எடுத்துப் போனாள்.

16. முறைப்படி முதலில் ஜோவெலின் மேடத்திடம்தான் போனேன். அவர் கண் கலங்கிவிட்டார். “நெமோ சார், அவ நடக்க ஆரம்பிச்சதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. உக்காந்த எடத்துலயே கைதட்டணும்போல இருந்துச்சு. ஆனா அட்டவணையில இதுக்கு எங்க சார் எடம் இருக்கு? கணித உள்ளடக்கத்துல முழுசாப் போட்டேன், அது எவ்ளோ, பேனரும் காகிதமும் வாங்குற மார்க்குதான” என்றார். அட்டவணை அச்சாகி வந்தது, அவர் போட்டதல்ல. நடுவர் மூவரின் கையொப்பமும் ஆனபின் மாற்றத் தமக்கு அதிகாரமில்லை என்று தலைமையாசிரியர் சொன்னார். “மேல எழுதுங்க, நல்லா எழுதுங்க” என்று தாமே உறையும் எடுத்துக் கொடுத்தார்.

17. இம்மனு என் பிழைப்புக்கு எதிரானது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். கணக்குக்கு ஆட்டம் வேண்டாம் என்றாகிவிட்டால் ஒவ்வொரு பருவமும் என் முற்றத்துக்கு வரும் குழுக்கள் வராது. என் மனைவி இதை எனக்கு நினைவுபடுத்தினாள். பிறகு மனுவைத் திருத்தமான தாளில் எழுதச் சொல்லி நல்ல பேனா தேடிக் கொடுத்தவளும் அவள்தான். கோழிகளாவது முட்டையிடட்டும் என்றாள்.

18. எனவே நான் தங்களிடம் வேண்டுவன:

அ) வட்டாரப் போட்டிக்குச் செல்பவரை இவ்வாண்டு எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்ய ஆணையிட வேண்டுகிறேன். பெயர் எழுதப்பட்டுள்ள ஷெகைனா தன் முழு ஒப்புதலைக் கீழே கையொப்பமாக இட்டிருக்கிறாள். கையொப்பத்துக்குப் பக்கத்தில் உள்ள இதயப் படத்தைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும், நான் தடுத்தேன்.

ஆ) கணக்குக்கான மதிப்பீட்டு அட்டவணையில் கணக்குக்குப் பெரும்பங்கு கொடுக்க வேண்டுகிறேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆடுகிற பிள்ளைகள் ஆடட்டும். வளைவு எந்தப் பக்கம் என்று தெரிந்து ஆடட்டும்.

இ) ஜோவெலின் மேடத்தை விளக்கம் கேட்டோ இடம் மாற்றியோ வருத்த வேண்டாம் என்று பணிவோடும், தேவைப்பட்டால் ஊரோடும் கேட்டுக்கொள்கிறேன்.

ஈ) என் மகளின் நடன மதிப்பெண்ணை உயர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. இத்தனை வருடத் தொழிலில் அதைவிட மோசமான சுற்றை நான் பார்த்ததில்லை. ஒத்திசைவுக்குச் சுழியம் போட்டது நியாயம். உடற்கல்வி வகுப்பில் அதே சுழியத்தைப் போட்டால் பெற்றோர் கையொப்பத்தை நானே மகிழ்ச்சியோடு இடுவேன்.

19. கடைசியாக ஒன்று. ஆட்டப் போட்டி முடிந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நான் அவளை நன்றாகத் திட்டினேன். ஒரு மாத உழைப்பு, ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது, வெறுமனே உட்கார்ந்திருக்கக்கூட முடியாதா, யாருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று கேட்டேன். அவள் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை அல்ல. “யாருக்கும் தெரியாதுதான் அப்பா. ஆனா மூணு அந்தப் பக்கம் இருந்துச்சு” என்றாள். கூட்டம் சிரிக்கும் என்று தெரிந்தே அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். கூட்டம் எதற்குக் கைதட்டும் என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் இதுவரை என் ஒவ்வோர் அடியையும் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்படியும் ஒரு பிள்ளை இருக்கிறாள் என்பதில் எனக்குச் சொல்ல முடியாத பெருமை, அம்மையீர். அவள் உட்கார வேண்டிய நாற்காலி வட்டாரப் போட்டி நடக்கும் கூடத்தில் இருக்கிறது. தங்கள் ஒரு கையெழுத்து கிடைத்தால் அவள் அங்கே நடந்து போய் உட்கார்ந்துகொள்வாள்.

இடம்: சாந்தா லுமினா
நாள்: அக்டோபர் 21

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) நெமேசியோ தொரேஃபியெல்
மாணவி ஹானியெல்லின் தந்தை

மேற்கண்டதை ஒப்புக்கொள்பவர்:
(ஒப்பம்) ஷெகைனா, ஒன்பதாம் வகுப்பு
“மேடம், சீக்கிரம் முடிவு சொல்லுங்க. ஹன்னி இப்ப எனக்கு அடுத்த பாடமும் சொல்லித்தர ஆரம்பிச்சுட்டா. இன்னும் கொஞ்ச நாள் போனா எனக்கே போகணும்னு ஆசை வந்துடும்.”

இணைப்பு: மதிப்பீட்டு அட்டவணையின் நகல்.